குவார்ட்டர்பேக் தேர்வு: இத்தனை அளந்தும் ஏன் தவறுகிறது?

அமெரிக்கக் காற்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் இவ்வாண்டுப் புதிய வீரர் தேர்வு ஏப்ரல் 23ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரில் தொடங்குகிறது. மலேசிய நேரப்படி அது வெள்ளிக்கிழமை காலை. மூன்று நாள்கள், ஏழு சுற்றுகள், 32 அணிகள். கடந்த பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு என்பது அங்குள்ள விதி. இம்முறை அந்த வாய்ப்பு லாஸ் வேகாஸ் ரைடர்ஸ் அணியிடம் இருக்கிறது. இன்டியானா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவின் பெயரைத்தான் அவர்கள் அறிவிப்பார்கள் என்று பரவலாக எதிர்பார்க்கப்படுகிறது.

அவர் வெற்றி பெறுவாரா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அணிகள் ஆண்டுதோறும் பெரும் பணத்தைச் செலவிடுகின்றன. வேவு பார்க்கும் ஆள்கள், மருத்துவர்கள், மனோவியல் தேர்வுகள், காணொளிப் பதிவுகள், கணினிக் கணக்குகள் என்று எதற்கும் குறைவில்லை. ஆனாலும் விடை அடிக்கடி தவறாகிவிடுகிறது.

அண்மைய எடுத்துக்காட்டு கடந்த பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டம். அதில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை வென்ற சியாட்டல் சீஹாக்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் சாம் டார்னல்ட். 2018ஆம் ஆண்டுத் தேர்வில் 3-ஆவது ஆளாக அவரை எடுத்தது நியூ யார்க் ஜெட்ஸ். மூன்று பருவங்களுக்குப் பிறகு 'இவர் தேறமாட்டார்' என்று வேறோர் அணிக்குத் தள்ளிவிட்டது. அங்கும் நிலைக்கவில்லை. மூன்றாவது அணியில் மாற்று ஆட்டக்காரராக அமர்ந்தார். நான்காவது அணியில் ஒரே பருவத்தில் 14 வெற்றிகளைத் தேடித் தந்தும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது அணியில்தான் கிண்ணம் கிடைத்தது.

ஜெட்ஸ் அணி 2018இல் தவறான ஆளை எடுத்ததா, அல்லது சரியான ஆளை எடுத்துவிட்டுத் தவறாக நடத்தியதா? குவார்ட்டர்பேக் தேர்வைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

அந்த ஓர் இடம்

நாம் தோட்டத் திடலிலும் பள்ளித் திடலிலும் ஆடி வளர்ந்த காற்பந்து வேறு, இது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், வீசியும், பிடித்தும் எதிரணியின் எல்லைக்குக் கொண்டு செல்வதே இந்த ஆட்டம். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். ஏறக்குறைய மூன்று விநாடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். எதிரணி எப்படி நிற்கிறது, தன் ஆள்கள் யார் எங்கே ஓடுகிறார்கள், யாருக்கு இன்னும் அரை விநாடியில் இடைவெளி கிடைக்கும் என்று பார்த்து, அந்த இடத்துக்குப் பந்தை வீச வேண்டும். அதே நேரத்தில் 120 கிலோ எடையுள்ள இருவர் மூவர் அவரை வீழ்த்த ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

திடலில் மற்ற இடங்களில் தடுமாறும் ஒருவரைப் பக்கத்தில் இருப்பவர் ஓரளவு காப்பாற்றலாம். குவார்ட்டர்பேக் இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். நல்லவர் கிடைத்தால் பத்தாண்டுக்குக் கவலையில்லை. கிடைக்காவிட்டால் பயிற்சியாளர், நிர்வாகி, சில வேளை அணியின் தலைவர் வரை எல்லாருடைய வேலையும் போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் காற்பந்து மன்றங்கள் எட்டு, பத்து வயதுச் சிறுவர்களை எடுத்துத் தாங்களே வளர்க்கின்றன. அமெரிக்க அணிகளுக்கு அந்த வழி இல்லை. இடைநிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகே ஒருவர் தேர்வுக்கு வர முடியும். அதுவரை அவரை வளர்ப்பது பல்கலைக்கழகம். ஆகவே வேறொருவர் வளர்த்த பிள்ளையைச் சில மாதங்களில் மதிப்பிட்டு முடிக்க வேண்டிய நிலையில் அணிகள் இருக்கின்றன.

எதை அளக்கிறார்கள்?

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே வேவு ஆள்கள் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடுவார்கள். ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரித் தொடக்கத்தில் அலபாமாவின் மொபில் நகரில் சீனியர் பௌல் என்ற காட்சி ஆட்டம் நடக்கும். பிப்ரவரி இறுதியில் இன்டியானாபொலிஸ் நகரில் 'கம்பைன்' எனப்படும் பெரிய சோதனை. முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் அழைக்கப்படுவார்கள். உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் எல்லாம் அளக்கப்படும். 40 யார்ட் தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறார் என்று பார்ப்பார்கள். பல அணிகளின் மருத்துவர்கள் பழைய காயங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்கள். அதன்பின் நேர்காணல். மார்ச்சில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்குத் தனிக் காட்சி நாள் நடத்தும்.

இவற்றில் எது பயன் தருகிறது? ஓட்ட வேகத்தை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி 40 யார்ட்டை 5.28 விநாடியில் ஓடினார். பெருத்த உடம்பும் மெதுவான காலும் உள்ளவர் என்று 198 பேருக்குப் பின்னால் 199-ஆவதாக எடுக்கப்பட்டார். ஏழு சூப்பர் பௌல் வென்றார். மறுபக்கம், 2023இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆன்டனி ரிச்சர்ட்சன் அதே தூரத்தை 4.43 விநாடியில் ஓடினார். நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குலம் எம்பிக் குதித்தார். குவார்ட்டர்பேக் எவரும் கம்பைனில் அதுவரை அவ்வளவு உயரம் குதித்ததில்லை. இன்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அவரை 4-ஆவதாக எடுத்தது. பல்கலைக்கழகத்தில் அவர் தொடக்க ஆட்டக்காரராக ஆடியதோ 13 ஆட்டங்கள் மட்டுமே. 2025 பருவம் தொடங்கும் முன்பே தன் இடத்தை டேனியல் ஜோன்ஸிடம் இழந்தார். அந்த ஜோன்ஸும் வேறோர் அணி கைவிட்டவர்தான்.

உயரமும் அப்படித்தான். ஆறடிக்குக் குறைந்தவர் என்று 2012இல் மூன்றாம் சுற்று வரை காத்திருக்க வைக்கப்பட்டார் ரசல் வில்சன். இரண்டே ஆண்டில் சியாட்டல் அணிக்குக் கிண்ணம் வென்று கொடுத்தார். 2020இல் ஜோ பர்ரோவின் உள்ளங்கை 9 அங்குலம்தான் என்று பெரிய விவாதம் நடந்தது. ஓய்வு பெற்றுவிடலாமா என்று பார்க்கிறேன் என அவரே டுவிட்டரில் கேலி செய்தார். அவர் தம் இரண்டாவது பருவத்திலேயே சின்சினாட்டி அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டு சென்றார்.

அறிவுத் தேர்வின் கதை இன்னும் மோசம். 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட 'வொண்டர்லிக்' தேர்வைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். ஆட்டத் திறனோடு அதற்குத் தொடர்பு காட்ட முடியாமல் 2022இல் கம்பைனிலிருந்து நீக்கினார்கள். அடுத்து வந்தது எஸ்2 என்ற கணினித் தேர்வு. 2023இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் அதில் மிகக் குறைந்த புள்ளி பெற்றார் என்று தேர்வு நாளுக்கு முன்பே செய்தி கசிந்தது. 21 வயது இளைஞர் ஒருவரின் 'மூளை வேகம்' நாடெங்கும் விவாதப் பொருளானது. ஹூஸ்டன் டெக்சன்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் அவரை 2-ஆவதாக எடுத்தது. அந்தப் பருவத்தின் சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருது ஸ்ட்ரவுட்டுக்கே கிடைத்தது.

வேகம், உயரம், கை, கேள்வித்தாள் ஆகியவற்றை அளப்பது எளிது. அதனால்தான் அளக்கிறார்கள். மூன்று விநாடி நெருக்கடியில் ஒருவர் எப்படி முடிவெடுப்பார் என்பதை இன்டியானாபொலிஸின் கூரையிட்ட அரங்கில், எதிரில் யாரும் இல்லாமல், அரைக்கால் சட்டையோடு வீசச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே ஆண்டு, ஐந்து கதைகள்

டார்னல்ட் வந்த 2018ஆம் ஆண்டின் முதல் சுற்றை விரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அந்தச் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள்.

1-ஆவதாக பேக்கர் மேஃபீல்ட், கிளீவ்லாந்து பிரௌன்ஸ். நான்கு பருவம் வைத்திருந்து விற்றார்கள். அடுத்த ஆண்டு இரண்டு அணிகள் மாறினார். பின்னர் டாம்பா பே அணியில் தலைநிமிர்ந்தார். 3-ஆவதாக டார்னல்ட். அவர் கதையை மேலே பார்த்தோம்.

7-ஆவதாக ஜோஷ் ஆலன், பஃபலோ பில்ஸ். வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர் வீசிய பந்துகளில் 56 விழுக்காடே சரியாகப் போய்ச் சேர்ந்தன. குறி தவறுபவர் இனி மாறமாட்டார் என்று எண்களை நம்பியவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். முதல் ஆண்டில் 52.8 விழுக்காடு. ஆனால் பஃபலோ பொறுமையாக இருந்தது. ஒரே தலைமைப் பயிற்சியாளர், முதல் நான்கு ஆண்டுகள் ஒரே தாக்குதல் பயிற்சியாளர். மூன்றாவது ஆண்டில் பந்து பிடிப்பதில் வல்லவரான ஸ்டீஃபான் டிக்ஸைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஆலனின் விழுக்காடு 69ஐத் தாண்டியது. 2024இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார்.

10-ஆவதாக ஜோஷ் ரோசன், அரிசோனா கார்டினல்ஸ். வீசும் முறையில் அந்த ஆண்டின் மிகச் சுத்தமான ஆட்டக்காரர் என்று பேசப்பட்டவர். அணியோ பலவீனமானது. ஒரே பருவத்தில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். புதிதாக வந்தவர் அடுத்த ஆண்டே வேறொரு குவார்ட்டர்பேக்கை முதல் ஆளாக எடுத்தார். ரோசன் விற்கப்பட்டார். அதன்பின் எந்த அணியிலும் அவர் காலூன்றவில்லை.

32-ஆவதாக, சுற்றின் கடைசி ஆளாக, லாமார் ஜாக்சன், பால்டிமோர் ரேவன்ஸ். பல்கலைக்கழக ஆட்டத்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மனை 2016இல் வென்றவர். ஆனாலும் அவர் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாற வேண்டும் என்று அனுபவமுள்ள முன்னாள் நிர்வாகி பில் போலியன் வெளிப்படையாகவே சொன்னார். பால்டிமோர் என்ன செய்தது? அவரை மாற்றாமல், தன் ஆட்டமுறையை அவருக்கேற்ப மாற்றியது. 2019இல் ஒருவர்கூட மறுக்காமல் சிறந்த வீரர் விருது அவருக்குப் போனது. 2023இல் மீண்டும் ஒருமுறை.

இந்த ஐவரில் யார் 'நல்ல ஆள்', யார் 'மோசமான ஆள்' என்று ஏப்ரல் 2018இல் பிரித்திருக்க முடியுமா? ஆலனும் ரோசனும் இடம் மாறிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இருவருக்கும் கிடைத்த பொறுமை ஒரே அளவு இல்லை என்பது கண்கூடு.

கிளீவ்லாந்து அணி இதற்கு இன்னொரு சாட்சி. 1999இல் லீக்குக்குத் திரும்பியதிலிருந்து அந்த அணிக்கு 40க்கும் மேற்பட்டவர்கள் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக ஆடியிருக்கிறார்கள். அத்தனை பேருமா தகுதியற்றவர்கள்? வருகிற மருமகள் எல்லாரும் சரியில்லை என்று ஒரு வீடு சொன்னால், ஊர் மாமியாரைத்தான் திரும்பிப் பார்க்கும்.

சூதாட்டத்தின் விலை

இவ்வளவு தெரிந்தும் அணிகள் ஏன் அவசரப்படுகின்றன? பணம்தான் காரணம். 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபர்டுக்கு 50 மில்லியன் டாலர் உறுதி செய்யப்பட்டது. 2011இல் தொழிலாளர் ஒப்பந்தம் மாறியது. புதிய வீரர்களின் சம்பளத்துக்கு உச்ச வரம்பு வந்தது. அதே ஆண்டு முதல் ஆளான கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் 22 மில்லியன் மட்டுமே. இன்று அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் ஒருவருக்கு ஆண்டுக்கு 60 மில்லியன் டாலர் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. டாலஸ் அணியின் டாக் பிரெஸ்காட்டுக்கு 2024இல் அந்தத் தொகைதான் பேசப்பட்டது. அணி மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே புதியவர் ஒருவர் முதல் நான்கு ஆண்டுக்குள் தேறிவிட்டால், மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். இந்த ஆசை அணிகளைத் துரத்துகிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் 2021இல் 12-ஆவது இடத்திலிருந்து 3-ஆவது இடத்துக்கு ஏற மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும், மேலே ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் விலையாகக் கொடுத்தது. எடுத்த ஆள் டிரே லான்ஸ். பல்கலைக்கழகத்தில் 17 ஆட்டங்களே தொடக்க ஆட்டக்காரராக ஆடியவர். பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு முழுப் பருவத்துக்கு ஒரே ஆட்டம். அணிக்காக நான்கு ஆட்டங்களைத் தொடங்கினார். காயம் பட்டார். 2023இல் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு விற்கப்பட்டார்.

இதற்கிடையே 2022 தேர்வின் ஆகக் கடைசி ஆள், 262-ஆவது, பிரோக் பர்டி. கடைசியாக வருபவருக்கு அங்கே 'மிஸ்டர் இர்ரெலவன்ட்', அதாவது யாருக்கும் வேண்டாதவர் என்று ஒரு பட்டப் பெயரும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அவரை எடுத்ததும் அதே 49அர்ஸ்தான். மற்றவர்கள் காயம் பட்டதால் களமிறங்கினார். அடுத்த பருவத்தில் அணியைச் சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார். 2025இல் ஐந்தாண்டுக்கு 265 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்றார். பர்டிக்கு உயரமும் இல்லை, கை வலுவும் பெரிதில்லை. ஆனால் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடியிருந்தார். நெருக்கடியில் முடிவெடுத்துப் பழகிய ஆட்டங்களின் எண்ணிக்கை லான்ஸைவிடப் பல மடங்கு.

ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஐந்தாண்டு பல்கலைக்கழகத்தில் ஆடிய கென்னி பிக்கெட்டை 2022இல் பிட்ஸ்பர்க் 20-ஆவதாக எடுத்தது. இரண்டே பருவத்தில் விட்டுவிட்டது. நீண்ட அனுபவம் ஆபத்தைக் குறைக்கும். வெற்றிக்கு உத்தரவாதம் தராது.

நடத்தைப் பொருளியலுக்காக 2017இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும், கேட் மேசியும் இந்தத் தேர்வு முறையை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்துக்கு எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக அமைவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடு என்பது அவர்கள் கண்டது. காசு சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. நிபுணர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது இதன் பொருளன்று. முதல் சுற்றில் வருபவர்கள் ஏழாம் சுற்றில் வருபவர்களைவிடச் சராசரியில் மேலானவர்கள்தாம். ஆனால் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே தங்களுக்குத் தெரிவதாக அணிகள் நினைக்கும் வேறுபாட்டுக்கு ஆதாரம் குறைவு. அந்த நினைப்புக்குத்தான் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை விலையாகக் கொடுக்கிறார்கள்.

பெயர் சொல்லாத குரல்கள்

அளக்க முடியாததை மதிப்பிடும்போது விருப்பு வெறுப்பு நுழைய இடம் கிடைக்கிறது. இது நம் மக்களுக்குப் புரியாத விஷயமன்று.

1978இல் வாரன் மூன் என்ற கறுப்பின இளைஞர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய வெற்றியைத் தேடித் தந்த பின்னும் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. வேறு இடத்தில் ஆடச் சம்மதித்தால் பார்க்கலாம் என்ற நிலைதான் இருந்தது. அவர் கனடாவுக்குப் போனார். எட்மண்டன் அணியோடு ஐந்து முறை தொடர்ந்து கிண்ணம் வென்றார். பின்னர் என்.எஃப்.எல். அணிகளே அவரைத் தேடி வந்தன. 2006இல் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஆனார். கறுப்பின இளைஞர் என்றால் ஓடுவார், குதிப்பார். ஆனால் படித்து முடிவெடுக்கும் இடத்துக்கு வேறு ஆள் வேண்டும் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் இருந்தது. லாமார் ஜாக்சனை 2018இல் இடம் மாறச் சொன்னபோது பலருக்கு அந்தப் பழைய காலம்தான் நினைவுக்கு வந்தது. இறுதியாட்டத்தில் இரு பக்கமும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் முதன்முறையாகத் தொடங்கியது 2023இல்தான்.

கடந்தாண்டு ஷெடூர் சாண்டர்ஸ் விஷயத்தில் கேள்வி வேறு வடிவில் வந்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸின் மகன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2024 பருவத்தில் வீசிய பந்துகளில் 74 விழுக்காடு சரியாகப் போய்ச் சேர்ந்தன. முதல் சுற்றில் வருவார் என்று பல மாதங்கள் பேசினார்கள். தேர்வு நெருங்கியபோது, நேர்காணலில் அகந்தையாக நடந்துகொண்டார் என்று பெயர் வெளியிடாத அதிகாரிகள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அவர் 144-ஆவது ஆளாக, ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டார். முதல் ஆளான கேம் வார்டின் ஒப்பந்தம் சுமார் 48 மில்லியன் டாலர். சாண்டர்ஸுடையது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

அவர் காத்திருந்த அந்த நாள்களில், ஓர் அணியின் நிர்வாகி பேசுவதுபோல் அவருக்குப் பொய்த் தொலைபேசி அழைப்பும் வந்தது. அழைத்தவர் அட்லாண்டா அணிப் பயிற்சியாளர் ஒருவரின் மகன். லீக் அந்த அணிக்கு 250,000 டாலரும் பயிற்சியாளருக்கு 100,000 டாலரும் அபராதம் விதித்தது.

அணிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பந்தை அதிக நேரம் கையில் வைத்திருக்கிறார், பின்வாங்கி ஓடித் தேவையின்றி வீழ்த்தப்படுகிறார் என்பவை ஆட்டப் பதிவைப் பார்த்துச் சொல்லப்பட்ட குறைகள். அவற்றைக் காட்டி விவாதிக்கலாம். 'அகந்தை' என்பதை எப்படிக் காட்டுவது? சொன்னவர் பெயரும் இல்லை, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வழியும் இல்லை. நவம்பரில் கிளீவ்லாந்துக்காக முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி லாஸ் வேகாஸை வென்றார். அவர் நிலைப்பாரா என்பதை இன்னும் இரண்டு பருவம் சொல்லும்.

மெண்டோசாவும் வெள்ளிக்கிழமையும்

இப்போது மெண்டோசாவுக்கு வருவோம். பள்ளி முடித்தபோது பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. யேல் பல்கலைக்கழகத்துக்குப் போக இருந்தவர், கடைசியில் கலிஃபோர்னியா பெர்க்கிலியில் இடம் கிடைத்துச் சேர்ந்தார். பின்னர் இன்டியானாவுக்கு மாறினார். 2025இல் ஹைஸ்மன் விருது. கடந்த ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்தில் மயாமியை வென்று, ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் 16 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது இன்டியானா. மூன்று பருவங்கள் தொடக்க ஆட்டக்காரராக ஆடியிருக்கிறார். ஆறடி ஐந்து அங்குல உயரம்.

கேள்விகளும் இருக்கின்றன. இன்டியானாவின் ஆட்டமுறையில் பல நேரம் ஓட்டமா வீச்சா என்பதை ஒரே ஒரு எதிராளியின் அசைவைப் பார்த்து முடிவு செய்யலாம். என்.எஃப்.எல்.-இல் அந்த வசதி குறைவு. சுற்றிலும் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்த அணியிலிருந்து, மூன்றே வெற்றியோடு பருவத்தை முடித்த அணிக்குப் போகப் போகிறார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முதல் வாய்ப்பு கடைசி அணிக்கே என்ற விதியின் விளைவு இது. மிகச் சிறந்தவர் என்று கருதப்படுபவர் மிகப் பலவீனமான வீட்டுக்குப் போகிறார்.

2023இல் முதல் ஆளான பிரைஸ் யங்குக்கு நடந்ததை நினைவில் வைக்க வேண்டும். அவரை எடுக்கக் கரோலைனா பேந்தர்ஸ் அணி தன் சிறந்த பந்து பிடிப்பாளர் டி.ஜே. மூரையே விலையாகக் கொடுத்தது. அப்புறம் பந்தை யாருக்கு வீசுவது? பருவம் முடிவதற்குள் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். இரண்டாவது பருவத்தில் இரண்டு ஆட்டத்திலேயே யங்கை உட்கார வைத்தார்கள். 'தேறாத ஆள்' என்ற முத்திரையும் விழுந்தது. ஆனால் அணி அவரைத் திரும்ப இறக்கியது. மூன்றாவது பருவத்தில் அணியைத் தகுதிச் சுற்றைத் தாண்டி அழைத்துச் சென்றார். இன்னொரு வழியும் உண்டு. பேட்ரிக் மஹோம்ஸ் முதல் ஆண்டு ஏறக்குறைய முழுவதும் மூத்த ஆட்டக்காரர் ஒருவரின் பின்னால் அமர்ந்து கற்றார். ஆரன் ரோஜர்ஸும் ஜோர்டன் லவ்வும் மூன்றாண்டு காத்திருந்தார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை செய்தியைப் பார்ப்பவர்கள் பெயரோடு நின்றுவிடாமல் வேறு சிலவற்றையும் கவனிக்கலாம். அவருக்கு முன்னால் நின்று தடுக்கும் ஐவர் யார்? பயிற்சியாளருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? முதல் வாரமே களமிறக்கப் போகிறார்களா, கற்றுக்கொள்ள நேரம் கொடுக்கப் போகிறார்களா? கம்பைன் அளவுகளைவிட இந்த மூன்று கேள்விகள் அதிகம் சொல்லும்.

எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய ஒரு கட்டுரையில் குவார்ட்டர்பேக் தேர்வையும் பள்ளி ஆசிரியர் தேர்வையும் ஒப்பிட்டார். இரண்டு வேலையிலும், வேலையில் இறங்கிய பிறகுதான் ஒருவரின் திறன் தெரியும் என்பது அவர் வாதம். நம் ஊரிலும் எஸ்.பி.எம். தாளையும் பதினைந்து நிமிட நேர்காணலையும் வைத்து ஒரு பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறோம். கடையிலோ தொழிற்சாலையிலோ புதிதாகச் சேர்ந்த பையனை மூன்று மாதத்தில் 'உதவாதவன்' என்கிறோம். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார், எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

பிட்ஸ்பர்க்கில் மூன்று நாளில் ஏறக்குறைய 250 பெயர்கள் வாசிக்கப்படும். வாசிக்கப்படாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. 1994இல் அப்படி விடுபட்டவர் கர்ட் வார்னர். அயோவாவில் ஒரு மளிகைப் பேரங்காடியில் இரவு வேலையில் அடுக்குகளில் சாமான் அடுக்கினார். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ரேம்ஸ் அணிக்குச் சூப்பர் பௌல் வென்று கொடுத்தார். இடையில் இருந்த ஐந்தாண்டில் அவருடைய உயரமோ கையின் அகலமோ மாறவில்லை. சிறிய லீக்குகளிலும் ஐரோப்பாவிலும் ஆட இடம் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.